ஆணியில் இல்லாத திறப்பு

எடியே,

இன்று விடிய என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. "திறப்புக்காரி திறப்போடை போயிட்டாள். ஆணியைப் பார்." வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். குசினியில் அடுப்பு மூட்டிக்கொண்டு நின்ற அம்மா, "விடியக் காலமை ஆரோடை கதை?" என்று கேட்டார். உன்னோடுதான் என்று சொன்னால் மனுசி பயந்துவிடும்.

நம் சேர்வரில் நீயே எழுதிவைத்த எச்சரிக்கை அது. நீ செத்தபிறகு இன்றுதான் முதல்முறையாக வந்தது.

கிளிநொச்சியில் நாம் இருவரும் தொடங்கிய சின்ன மென்பொருள் கந்தோருக்கு ஒரே ஒரு ஸ்கூட்டி. வண்டியைப் பூட்டியதும் திறப்பு வாசல் ஆணியில் தொங்கவேண்டும். ஆணி வெறுமையாக இருந்தால் வண்டி வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். நீயோ வண்டியை விட்டுவிட்டுத் திறப்பை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாய். பெரிய தேங்காய்ச் சிரட்டைத் துண்டொன்றை அதில் கட்டிப் பார்த்தேன். அதுவும் சேர்ந்தே போனது. திறப்புக்காரி என்று பட்டம் வைத்தேன், அதற்கும் நீ வெட்கப்படவில்லை.

முரசுமோட்டை விவசாயிகளுக்கு, யாருக்கு எப்போது வாய்க்கால் தண்ணீர் என்ற முறையைப் போனில் அறிவிக்கும் வேலையை எடுத்தோமே. விடியற்காலையில் சேர்வர் தானாக இரண்டு வேலை செய்யும். ஒன்று தரவுத்தளத்தில் ஒவ்வொருவராகப் பழைய முறையை அழித்துப் புதியதை எழுதும். மற்றது அதைப் படித்து எல்லோருக்கும் அனுப்பும். முதலாவது கெதியாக முடிந்துவிடும் என்று நம்பி, இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம்தான் விட்டிருந்தோம். சிறுபோகத்தில் வாய்க்காலின் கடைசிப் பக்கத்து ஆட்களும் சேர, எழுதுவது இழுபட்டது. அது பாதியில் நிற்கும்போதே மற்றது அனுப்பத் தொடங்கி, பாதிப் பேருக்குப் புதிய முறையும் மீதிப் பேருக்குப் பழையதும் போய்விட்டது.

"பிள்ளை, மேலை உள்ளவைக்கும் எங்களுக்கும் ஒரே நேரம் முறை எண்டு வந்திருக்குது. அவையள் தண்ணியை மறிச்சிட்டினம். கதிர் வாற நேரம், இண்டைக்குப் பாயாட்டி எல்லாம் பதர்தான். வந்து சொல்லுங்கோ." கடைசிப் பக்கத்து ஐயா ஒருவர் போனில் அழாக்குறை.

ஸ்கூட்டியிடம் ஓடினேன். ஆணியில் திறப்பு இல்லை! உன்னை எப்படியெல்லாம் திட்டினேன் தெரியுமா? திறப்போடு மூச்சு வாங்க வந்து சேர்ந்தாய். "ஏறு, பின்னாலை இருந்து திட்டு."

வழியில் நான், "இடைவெளியைக் கூட்டி விடுவம்" என்றேன்.

"நாளைக்கு இன்னும் ஆக்கள் சேர்ந்தால்? நேரத்தை நம்பாதை, ஆணியை நம்பு. சேர்வருக்குள்ளையும் அப்பிடி ஒரு ஆணி வைப்பம். எழுதிற வேலை திறப்பை எடுக்கட்டும். அது திரும்ப ஆணிக்கு வராமல் அனுப்பிற வேலை அசையக் கூடாது."

"உன்னைப் போல அதுவும் திறப்பைத் தராமல் நடுவழியிலை நிண்டால்?"

நீ சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டி வாய்க்காலுக்குள் போகப் பார்த்தது. "அப்ப எங்களுக்குச் சொல்லட்டும். பாதி எழுதினதை மட்டும் ஒருத்தருக்கும் அனுப்பக் கூடாது."

வாய்க்கால்கட்டில் மண்வெட்டிகளோடு இரண்டு பக்கமும் சனம். சரியான முறையைக் காட்டினோம். மேல்பக்கத்தார் புறுபுறுத்தபடி மறித்ததை எடுத்துவிட்டார்கள். "உங்கடை மிசினுக்கு நித்திரைத் தூக்கம் போல" என்று ஓர் அக்கா பிளேன்டீ தந்தார். அன்றைக்கே நீ சொன்னபடி எழுதி முடித்தோம்.

பிறகு காய்ச்சல் என்று படுத்த நீ எழும்பவேயில்லை. எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவன்று உன் அம்மா சிரட்டையோடு திறப்பைக் கொண்டுவந்து தந்தார். "அவளின்ரை பைக்குள்ளை கிடந்தது, பிள்ளை." இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம். பிறகு அந்தச் சிரட்டையைப் பார்த்துச் சிரித்தோம்.

இன்று விடிய முன் கரண்ட் போய் வந்ததில், எழுதும் வேலை பாதியில் நின்றிருந்தது. திறப்பு திரும்பாததால் அனுப்பும் வேலை பேசாமல் காத்திருந்தது. கந்தோருக்கு ஓடிப்போய்த் திரும்ப எழுத வைத்தேன். அதன்பிறகே செய்திகள் போயின. மனம் கேளாமல் ஸ்கூட்டியில் முரசுமோட்டைக்கும் போய்ப் பார்த்தேன். "கொஞ்சம் பிந்தினாலும் சரியாத்தான் வந்தது, பிள்ளை" என்றார் அதே ஐயா. கடைசி வயலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நீ இருந்திருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கியிருப்பாய்.

கந்தோரில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை கேட்டாள்: "அக்கா, அந்த எச்சரிக்கையை ஒழுங்கான வசனமா மாத்தட்டோ?"

"கை வைச்சுப் பார், தெரியும்!"

பின்னேரம் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, இதை எழுதப் பேனை தேடிப் பைக்குள் கைவிட்டேன். சிரட்டை தட்டுப்பட்டது. ஸ்கூட்டி கந்தோர் வாசலில் நிற்கிறதடி. நாளைக்கு அந்தப் பிள்ளை ஆணியைப் பார்த்துவிட்டு, யாரைத் திட்டப் போகிறாள் சொல்லு?