மூன்றாவது பெட்டியில் ஏறு

சொரோக்கா
11 செப்டம்பர் 2014, வியாழன்

எவ்தோக்கியாவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷத்தில் நீயோ நானோ வைத்துவிடுகிறோம். அதனால் ஞாயிறு ரோமுக்கு வரும் பார்சல் வேனில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பை வால்நட்டும் நீ கேட்ட ஆட்டுப்பால் சீஸும் இருக்கின்றன. கோபம் வேறு, சீஸ் வேறு.

விஷயத்துக்கு வருகிறேன். அங்கே உன்னைப் போலவே வேலை பார்க்கும் ரயிசா லீவில் ஊருக்கு வந்திருக்கிறாள். நேற்று என் மினிபஸ்ஸில் ஏறினாள். பின்சீட்டுக்கும் கேட்கிற மாதிரி, “அனாட்டோலு, நம்ம ஊர்ப் பொண்ணுங்க எல்லாம் கூடுற பார்க்குக்கே உன் பொண்டாட்டி வர்றதில்லப்பா. வியாழக்கிழமை மத்தியானம் லீவு விட்டதும் நீலக் கோட்டை மாட்டிக்கிட்டு, உதட்டுச் சாயம் பூசிக்கிட்டு ரயில் ஏறிடுறா. யாரைப் பார்க்கப் போறாளோ!” என்றாள். வண்டியில் பதினெட்டு பேர். எல்லோரும் சிரித்தார்கள். நான் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

ஏழு வருஷமாக நீ அங்கே ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறாய். நான் இங்கே நீ அனுப்பிய பணத்தில் போட்ட கூரைக்குக் கீழே தனியாகச் சாப்பிடுகிறேன். இரண்டு முறை விசா கேட்டேன், இரண்டு முறையும் இல்லை என்றார்கள். இந்த வருஷம் நம் நாட்டுக்காரர்களுக்கு விசாவே வேண்டாமென்று ஆகிவிட்டது. அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, மத்தியான விமானம். டாக்சி பிடித்து நேரே உன் வாசலில் இறங்குவேன். ரயிசா சொன்னது நிஜமென்றால் விவாகரத்துக் காகிதத்தில் அங்கேயே கையெழுத்து.

அனாட்டோல்


ரோம்
14 செப்டம்பர், ஞாயிறு

அனாட்டோலுக்கு,

வேன் சாயங்காலம் கிளம்புகிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறான், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். சீஸ் நன்றாக இருக்கிறது, உப்புதான் அதிகம். ரயிசாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதமாட்டேன். பதினெட்டு பேர் சிரிக்கும்போது வண்டியை நிறுத்தி அவளை இறக்கிவிடாதவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

வா. தாராளமாக வா. ஆனால் வெட்டிப் பெருமைக்கு டாக்சியில் ஏறாதே. வழி சொல்கிறேன், அப்படியே செய்.

விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு திறந்ததும் நல்ல கோட்டுப் போட்ட ஆட்கள் நம் பாஷையிலேயே கூப்பிடுவார்கள்: “அண்ணே, நம்ம ஊரா? வாங்க, மலிவா விட்டுர்றேன்.” திரும்பிக்கூடப் பார்க்காதே. மேலே ஏறிப் பாலத்தைக் கடந்தால் ரயில் நிலையம். ரோம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ரயில் வேகமானது, பதினான்கு யூரோ. அது வேண்டாம். பக்கத்துப் பலகையில் ஓர்த்தே என்று ஏதோ ஓர் ஊர்ப் பெயர் இருக்கும். இது ரோமுக்கே போகாது என்று பயந்து எல்லோரும் அந்தப் பதினான்கு யூரோ ரயிலுக்கே ஓடுவார்கள். ஓர்த்தே ரயில்தான் எட்டு யூரோ. பஸ் இன்னும் மலிவு, ஆனால் மத்தியான நெரிசலில் மாட்டிக்கொள்ளும், இந்தப் பக்கமும் வராது.

ஏறுவதற்கு முன் சுவரில் இருக்கும் சின்னப் பெட்டியில் டிக்கெட்டைச் செருகி முத்திரை வாங்கு. மறந்தால் அபராதம். மூன்றாவது பெட்டியில் ஏறு, இறங்கும்போது படிக்கட்டு நேர் எதிரே இருக்கும். இடது பக்கம் உட்கார், வலது பக்கம் வெயில் அடிக்கும். முதல் நிறுத்தத்தில் கடைப் பைகளோடு கூட்டம் ஏறும், உன் சூட்கேஸைக் கதவருகே வைக்காதே. ஒன்பதாவது நிறுத்தம் துஸ்கொலானா. அங்கே இறங்கு.

எவ்தோக்கியா


சொரோக்கா
18 செப்டம்பர், வியாழன்

எவ்தோக்கியாவுக்கு,

உன் கடிதத்தைப் பஸ் நிலையத்தில் நின்றபடியே மூன்று முறை படித்தேன். நான் இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறவன். எனக்கு ஒன்று தெரியும். ஒருமுறை போனவன் ஊர்ப் பெயரைச் சொல்வான். வாராவாரம் போகிறவன்தான் எந்தப் பெட்டி படிக்கட்டுக்கு நேரே நிற்கும், எந்தப் பக்கம் வெயில் அடிக்கும் என்று சொல்வான்.

நீ ரோமுக்கு வேனில் போனவள். இரண்டு முறை ஊருக்கு வந்ததும் வேனில்தான். வாழ்நாளில் விமானம் ஏறியதில்லை. பிறகு அந்தக் கண்ணாடிக் கதவும் பாலமும் உனக்கு எப்படித் தெரியும்? ரயிசா பாதிதான் சொன்னாள், மீதியை நீயே உன் கையால் எழுதிவிட்டாய். வியாழக்கிழமை விமான நிலையத்துக்குப் போகிறாய். யாரை வரவேற்க? பெயரைச் சொல்.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. இதையும் தெரிந்துகொள்.

அனாட்டோல்


ரோம்
21 செப்டம்பர், ஞாயிறு

அனாட்டோலுக்கு,

பெயர் கேட்டாய் அல்லவா? எழுதுகிறேன். அந்த ஆளின் பெயர் அனாட்டோல். சொரோக்காவில் மினிபஸ் ஓட்டுகிறான். மண்டைக்கனம் பிடித்தவன்.

வந்த முதல் வருஷம், நான் பார்த்துக்கொள்கிற இல்டா அம்மாளைக் கூட்டிக்கொண்டு, அவர் பேத்தியை வழியனுப்ப விமான நிலையம் போனேன். அப்போது நம் ஊர் விமானம் வந்தது. கதவு திறந்ததும் நம் பாஷையில் கத்தலும் திட்டும் சிரிப்புமாக வெளியே வந்தார்கள். ஒருவன் உன்னைப் போலவே தோளைச் சாய்த்து நடந்து வந்தான். அது நீ இல்லை. அடுத்த வியாழன் என்னால் பார்க்கில் உட்கார முடியவில்லை, மறுபடி போனேன். உனக்கு விசா கிடைக்காது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் போனேன். பைத்தியம் என்று அந்தப் பெண்கள் சிரிப்பார்கள், அதனால் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒரு வியாழன், கோட்டுக்காரன் ஒருவன் நம் ஊர்ப் பெண்ணைக் காரில் ஏற்றினான். எண்பது யூரோ வாங்கிக்கொண்டு வேறெங்கோ இறக்கிவிட்டானாம். அடுத்த வாரமே நான் முன்னால் போய், “தங்கச்சி, அந்த ஆளோட போகாத. என்கூட வா, எட்டு யூரோதான்” என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழனும் இரண்டு பேரோ மூன்று பேரோ என் பின்னால் வருகிறார்கள். நீலக் கோட்டும் உதட்டுச் சாயமும் எதற்கு என்கிறாயா? பழைய கோட்டில் போய் நின்றால் பிக்பாக்கெட் என்று பையை இறுக்கிக்கொள்கிறார்கள். அந்தக் கோட்டுக்காரன் ரயிசாவின் மச்சினன். அவனுக்குச் சவாரி குறைந்துவிட்டது. இப்போது புரிகிறதா?

ஏழு வருஷம் அந்தக் கதவைப் பார்த்து நின்றுவிட்டேன் அனாட்டோல். செவ்வாய்க்கிழமை எனக்கு விடுப்பு இல்லை. இருந்தாலும் அங்கே வரமாட்டேன். இல்டா அம்மாள் இரண்டு மணிக்குத் தூங்குவார், ஸ்டேஷன் ஆறு நிமிஷ நடை. துஸ்கொலானா படிக்கட்டில் நிற்பேன். நான் சொன்ன ரயிலில் வந்தால் என்னைப் பார்க்கலாம். டாக்சியில் வந்து வாசலில் நின்றால் கதவு திறக்காது. காகிதத்தையும் மறக்காமல் எடுத்து வா, அதற்கெல்லாம் நான் பயப்படுகிறவள் இல்லை.

எவ்தோக்கியா


ரோம்
5 அக்டோபர், ஞாயிறு

அனாட்டோலுக்கு,

இரண்டு ஞாயிறாக வேன் வந்தது. உன்னிடமிருந்து கடிதமும் இல்லை, வால்நட்டும் இல்லை. போன் எடுக்கலாம் என்று தோன்றியது, எடுக்கவில்லை. அழுதேன், அதையும் மறைக்கவில்லை.

சொன்னது சொன்னதுதான். பதினான்காம் தேதி இரண்டரையிலிருந்து நான்கு வரை நிற்பேன். இங்கே குளிர ஆரம்பித்துவிட்டது, ஸ்வெட்டர் போட்டு வா.

எவ்தோக்கியா


ரயிலில்
14 அக்டோபர், செவ்வாய்

என் தோக்கியா,

இதை வேனில் அனுப்ப முடியாது, உன் கையில்தான் கொடுப்பேன். ஊரிலிருந்து மூன்று கடிதம் எழுதி மூன்றையும் கிழித்தேன். மன்னித்துவிடு என்று எழுதினால் மலிவாகத் தெரிந்தது, எழுதாவிட்டால் திமிராகத் தெரிந்தது. இப்போது மலிவாகவே இருக்கட்டும். மன்னித்துவிடு. உன்னைக் கேட்பதற்கு முன்னால் ரயிசாவை வண்டியிலிருந்து இறக்கியிருக்க வேண்டும். போன வாரம் பதினெட்டு பேர் முன்னால் இறக்கினேன். மழை பெய்துகொண்டிருந்தது.

கதவு திறந்ததும் ஒரு கோட்டுக்காரன் வந்தான், ரயிசாவின் மச்சினனாகத்தான் இருக்கும். “அண்ணே, சொரோக்காவா? அறுபது கொடுங்க, வீட்டு வாசல்ல விடுறேன்” என்றான். “என் பொண்டாட்டி எட்டுக்கு விடுறா, நீ போடா” என்றேன்.

ஓர்த்தே பலகைக்குக் கீழே நம் ஊர் அம்மாவும் பெண்ணும் விழித்துக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. “பயப்படாதீங்கக்கா, இதுதான் வண்டி. டிக்கெட்டை அந்தப் பெட்டில செருகுங்க” என்றேன். “இங்க ரொம்ப வருஷமா இருக்கீங்களா தம்பி?” என்று கேட்டார். “இருபது நிமிஷமா இருக்கேன்” என்றேன். பிறகு உன் கடிதத்தைக் காட்டினேன், வழி எழுதிய பக்கத்தை மட்டும். இப்போது இருவரும் என் எதிரே, மூன்றாவது பெட்டியில், இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைப் பைக் கூட்டம் நீ சொன்ன இடத்திலேயே ஏறியது. ஏழு நிறுத்தம் ஆகிவிட்டது.

எழுத வேறு காகிதம் இல்லை. நீ எடுத்து வரச் சொன்ன காகிதம்தான் சட்டைப் பையில் இருந்தது, அதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் கையெழுத்துக்கு விட்ட கட்டம் காலியாக இருக்கிறது. என் கையெழுத்தை இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.

அனாட்டோல்

பி.கு. வியாழனும் இங்கேதான் இருப்பேன். மத்தியானம் இருவருமாகப் போவோம். அந்த மச்சினனிடம் நான் பேசிக்கொள்கிறேன், டிக்கெட் விவகாரத்தை நீ பார்த்துக்கொள்.