காய்ச்சல் நாளின் அரைக்கூலி

அடுக்களையிலிருந்து நிலவேம்புக் கஷாயத்தின் வாசம் வருகிறது. எனக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், வே. காலையில் மில் சங்கு ஊதியது. நான் பாயை விட்டு எழவில்லை. என் இடம் எனக்கே இருக்கிறது, அரைக்கூலியும் வந்துவிடும். எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது தெரியுமா! நீர் கண்மூடி இரண்டு வருஷம் ஆனபின்பும் இதை உம்மிடம்தான் சொல்லத் தோன்றுகிறது.

முன்பு நம் பஞ்சாலையில் நடைமுறை வேறு. காய்ச்சல்காரன் தானே நடந்துவந்து வாசலில் நிற்கவேண்டும். மேஸ்திரி நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். சுட்டால் கூலி மட்டும் போகும். சுடாவிட்டால் வேலையே போய்விடும்.

அன்று நான் அடித்த கூத்து நினைவிருக்கிறதா? குளித்து நீறு பூசாமல் வெளியே கிளம்பிப் பழக்கமில்லாதவன் நான். பல் தந்தியடிக்கத் தாமிரபரணியில் முங்கி, நெற்றி நிறைய நீறு குழைத்துப் பூசிக்கொண்டு மேஸ்திரி முன்னால் போய் நின்றேன்.

"ஏலே, நெத்தி சில்லுன்னுல்லா இருக்கு. சோலிக்கு மடி பிடிச்சுக்கிட்டுக் காய்ச்சங்கியா?" என்றார் அவர். என் மனைவிக்கு அது நிறைமாதம். 

பின்னால் நின்ற நீர் விடவில்லை. "அண்ணாச்சி, அது ஆத்துத் தண்ணியும் திருநீறும். கக்கத்துல கைய வச்சுப் பாருங்க."

வைத்தவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். வேலை போகாமல் தப்பியது. ஆனால் கூலி இல்லாமல் எத்தனை நாள் படுப்பது? மூன்றாம் நாளே எழுந்து போய் இயந்திரத்தின் பக்கத்தில் விழுந்தேன். அன்று சாயங்காலமே காய்ச்சல் நாளுக்குக் கூலி கேட்டு மில் துரைக்கு மனு எழுத உட்கார்ந்தீர். முதல் பெயர் யாருடையதோ அவனுக்குச் சீட்டுக் கிழியும் என்று பேனாவை ஆளுக்கு ஆள் தள்ளிவிட்டோம். இயந்திரத்தின் பக்கத்தில் விழுந்த நான்கூடத் தள்ளினேன். "காய்ச்சக்காரனுக்குக் காய்ச்ச போதும்வே, பயமும் எதுக்கு?" என்று நீரே முதலில் போட்டீர். முணுமுணுத்துக்கொண்டேதான் துரை அரைக்கூலிக்குச் சம்மதித்தார்.

அப்போதும் உமக்குத் திருப்தியில்லை. "இவரு போயிட்டா இதுவும் போயிரும். சர்க்கார் சட்டமா வரணும்," என்றீர். நாங்கள் சிரித்தோம்.

இப்போது துரை மாறப்போகிறார். எல்லா ஆலைக்கும் சட்டம் கேட்டுச் சென்னைக்கு அனுப்பும் மனுவை நேற்று என் பாயருகே கொண்டுவந்தார்கள். பெயர் எதுவும் அதில் அதுவரை விழவில்லை. வாங்கி முதலில் நான் போட்டேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் விழுந்தது. கை நடுங்கியது காய்ச்சலால் மட்டும்தான், வே.