ரூடி கேட்ட ரவைகள்

என் அன்பான இஞ்சேரப்பா,

நீங்கள் உயிரோடு இருந்த காலத்தில் இப்படித்தான் கூப்பிட்டேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் வாய் வரவில்லை. நீங்கள் போனபிறகு ஒரு மனிதனைக் கள்ளன் என்று நினைத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்கள் வேட்டைக் கூட்டாளி ரூடியைத்தான். உங்கள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுவாரமே நம் பூம்ப்ளிஸ் வீட்டுக்கு வந்தார். கோப்பி குடித்தார். பிறகு, "கீழே கெல்லர் அறையில் அவன் கட்டிய துவக்கு ரவைகள் இருக்குமே, நான் கொண்டுபோகட்டுமா?" என்றார். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வாரமும் வந்தார். மூன்றாம் முறை, நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து நம் மகள் துளசியிடம் கேட்டிருக்கிறார்.

எனக்குச் சந்தேகம் வராதா? உங்கள் மக்னம் துவக்குக்கு நீங்கள் கையால் கட்டிய ரவைகள், இருநூறு மீட்டரில் மூன்று சுட்டால் மூன்றும் ஒரு ஐந்து பிராங்க் நாணயக் குற்றிக்குள் விழும் என்று ஊரெல்லாம் சொன்னவரே அவர்தான். வெற்று ரவைக் கோதை அளந்து, வெடிமருந்தைத் தராசில் நிறுத்து, குண்டை அமர்த்தி முடிக்கும்வரை எங்களோடு ஒரு வார்த்தை கதைக்கமாட்டீர்கள். அப்படிச் செய்ததை இன்னொருவர் சும்மா தூக்கிக்கொண்டு போவதா? கெல்லர் பூட்டை மாற்றினேன்.

துளசி வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டாள். "அப்பா கட்டின ரவையோடதான் செப்டெம்பர்ல மலைக்குப் போவன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஆனால் உங்கள் பிள்ளை அல்லவா? கொப்பியில் நீங்கள் எழுதியதோடு ஒத்துப்பார்க்க, நீங்கள் கடைசியாகக் கட்டிய பெட்டியில் ஒரு ரவையைக் கழற்றி மருந்தைத் தாளில் கொட்டியிருக்கிறாள். என்னைக் கூப்பிட்ட குரலே சரியில்லை.

"அம்மா, இது அந்த மருந்தில்லை. அது நீளக் குச்சி மாதிரி இருக்கும். இது சின்ன ரவைக்குப் போடுற பொடி மருந்து, சட்டெண்டு எரியும். இதைச் சுட்டிருந்தா துவக்கு என்ர முகத்திலயே வெடிச்சிருக்கும்."

மருந்தை ரூடிதான் மாற்றியிருக்கிறார், அதை மறைக்கத்தான் ரவைகளைக் கேட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். அவரை வரச்சொல்லித் தாளை முன்னால் வைத்தேன்.

"நீங்கள்தானே செய்தது?"

அவர் கதிரையில் இருந்துவிட்டார். "இல்லை யோகா. உன் புருசனுக்குக் கண் மங்கிவிட்டிருந்தது. போன இளவேனிலில் அவன் சுட்ட ஒரு ரவையின் கோது, மருந்து பிழைத்து, துவக்குக்குள்ளேயே இறுகிப்போனது. இனிக் கட்டாதே என்றேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினான். அதற்குப் பிறகும் டப்பா மாறிக் கட்டியிருப்பான் என்று பயந்துதான் ரவைகளைக் கேட்டேன்."

ஏனப்பா? அந்தக் கண்ணோடா துளசியை ஏற்றிக்கொண்டு இன்டர்லாக்கன் வரை கார் ஓட்டினீர்கள்? "கண்ணாடியை எங்கயோ வைச்சிட்டன், நீர் வாசியும்" என்று கடிதங்களை என்னிடம் நீட்டினீர்களே, அதுவும் பொய்யா? வேறு என்னவெல்லாம் மறைத்தீர்கள்? இப்போது உங்கள் சட்டைப் பைகளைக்கூட இரண்டுதரம் பார்க்கிறேன்.

ரூடியிடம் மன்னிப்புக் கேட்டேன். "முதல் நாளே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்" என்று அவரும் தலை குனிந்தார். மூவருமாகப் போய் அத்தனை ரவைகளையும் அழிக்கச் சொல்லிப் பொலிசில் கொடுத்தோம். வரும் வழியெல்லாம் துளசி அழுதாள்.

அவள் இந்த முறை கடை ரவையோடு போகிறாள். பிறகு தானே கட்டுவாளாம், மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாவை மட்டும் வைத்துக்கொண்டு. நானும் ஒரு வாக்குத் தருகிறேன்: இந்த வீட்டில் இனி யாரும் நோயை ஒளிக்கமாட்டோம். என் இடது கை விறைப்பதை நேற்றே அவளிடம் சொல்லிவிட்டேன்.

கோபம் இன்னும் தீராத உங்கள் மனைவி,
யோகா