பாத்தி ஓரத்தில் செல்வி

24.2.74, ஞாயிறு

மூன்று நாள் மலை நடையை முடித்துப் பிள்ளைகளோடு மரக்காணம் வந்தாயிற்று. நேற்று விடியற்காலையில் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கினோம். கீழே பள்ளம் தெரியாமல் பனி வெள்ளை வெளேரென்று பரந்து கிடந்தது. வழியெல்லாம் வீடு எப்போ வரும் என்று நச்சரித்த செல்வி, "அப்பா, நம்ம உப்பளம்! வந்துட்டோம்!" என்று கத்திக்கொண்டு அதை நோக்கி ஓடினாள். பாவாடைதான் என் கைக்குக் கிடைத்தது. அவளுடைய ஒரு கால் அந்தரத்தில் இருந்தது. ஒரு கல் உருண்டு விழுந்தது. அது தரையைத் தொட்ட சத்தமே வரவில்லை.

அவள் சின்னப் பிள்ளை, மறந்திருப்பாள் என்று நினைத்தேன். இன்று மாலை எங்கள் உப்புப் பாத்தி ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

"வாடி செல்வி, ஏன் நின்னுட்ட?" என்றாள் அவள் அம்மா.

செல்வி என்னைப் பார்த்தாள். "அப்பா, இதுக்குக் கீழ தரை இருக்குதா?"

இருக்கிறது என்று சொல்வதற்கு முன், நானே ஒரு காலை வைத்துப் பார்த்தேன்.