பாய்மரச் சிலுவை

13-2-1965, சனிக்கிழமை

புயலுக்குப் பிறகு எங்களைக் குடியேற்றிய இந்தப் புதுக் காலனியில் கோயில் இல்லை. செபம் சொல்லிவைக்கும் உபதேசியார்தான் வீடு வீடாகக் கேட்டு ஓலைக் கொட்டகை எழுப்பினார். சிலுவைக்கு மரம் கேட்டார். என் வீட்டுக்காரரின் வள்ளத்துப் பாய்மரத்தைக் கொடுத்தேன். வள்ளம் கரை ஒதுங்கியது, அவர் ஒதுங்கவில்லை.

இன்று சாயங்காலம் நான் கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் அந்தோணி கோடாரியோடு உள்ளே வந்தான்.

"எங்கண்ணனக் காப்பாத்தத் துப்பில்ல, அவன் மரம் மட்டும் வேணுமாக்கும் ஒங்க சாமிக்கு?"

உபதேசியார் சிலுவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கோடாரிக் காம்பால் அவர் மண்டையில் அடித்தான். சட்டையெல்லாம் ரத்தம்.

"ஏலே, என்னைய வெட்டிட்டு மரத்த வெட்டு" என்றார்.

நான் பாய்ந்து கோடாரியைப் பிடுங்கினேன். உபதேசியாரை இழுத்துத் தள்ளிவிட்டு, நானே மரத்தை வெட்டினேன். திரும்பத் திரும்ப வெட்டினேன். ஏன் என்று தெரியவில்லை. கடைசியில் அந்தோணிதான் அழுதுகொண்டே என் கையைப் பிடித்தான்.

"போதும் மதினி, விட்ருங்க."

மரம் விழவில்லை. வெட்டுவாயிலிருந்து மீன் எண்ணெய் வாடை வந்தது. என் வீட்டுக்காரர் மேல் அடிக்கும் அதே வாடை.

தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உபதேசியார் கேட்டார்: "நாளைக்கு மொதப் பூச. வருவியாம்மா?"

போவேன். வாடை ஒட்டிய கையை இன்னும் கழுவவில்லை.