மேலேயா, கீழேயா

ஹார்ஸ்டன்,
ஞாயிறு, அக்டோபர் 12

அன்புள்ள பிரையனிக்கு,

நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்பே வந்துவிடுகிறது. நீ, மாப்பிள்ளை, ரோவன் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். டொராண்டோவில் குளிர் தொடங்கியிருக்கும். ரோவனுக்குக் கையுறை பின்னுகிறேன், ஒன்று முடிந்தது, இன்னொன்றில் கட்டைவிரல் பாக்கி. உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தப் பள்ளியின் நுழைவுத் தேர்வில் அவள் தேறவில்லை, அறையை விட்டு வருவதில்லை, "பாட்டி மேல் பள்ளியில படிச்சவங்க, அவங்ககிட்ட சொல்லிடாதீங்க" என்று அழுகிறாள், அதனால் தேர்வைப் பற்றி அவளுக்கு எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தாய். எழுதுகிறேன். கோபிக்காதே.

போன சனிக்கிழமை நம் பள்ளியில் பழைய மாணவர் கூட்டம். உனக்குத் தெரிந்தது ஒரு பள்ளி. எங்கள் காலத்தில் அது இரண்டு. மேட்டில் கல் கட்டடம், பச்சைக் கோட்டு, லத்தீன், பதினொரு வயதுத் தேர்வில் தேறியவர்களுக்கு. சரிவில் செங்கல் கட்டடம், பழுப்புக் கோட்டு, தையலும் தச்சும், மற்றவர்களுக்கு. நடுவில் கம்பி வேலி. எழுபத்து நாலில் வேலியைப் பிடுங்கி ஒன்றாக்கினார்கள். ஒரே பெயர், ஒரே நீலக் கோட்டு. மணி மட்டும் கொஞ்ச காலம் இரண்டு முறை அடித்தது, மேலே அடித்து இரண்டு நிமிடம் கழித்துக் கீழே. எங்கள் வயதுக்காரர்கள் இருவர் சந்தித்தால் இன்றும் முதல் கேள்வி, மேலயா கீழயா. நீயும் கேட்டாய், ஆறு வயதில். நான் அப்போது மேல் கட்டடத்துச் சமையலறையில் வேலை பார்த்தேன், பிள்ளைகளுக்குக் கஸ்டர்ட் கிண்டினேன். மேலதான் என்றேன். பொய் இல்லை. நீ வேறு மாதிரி புரிந்துகொண்டாய். உன் முகம் மலர்ந்தது. நான் திருத்தவில்லை. முப்பத்தேழு வருடம்.

தேர்வு முடிவாக எனக்கு வந்தது மெல்லிய உறை. தேறியவர்களுக்குக் கெட்டி உறை வரும், உள்ளே சீருடைப் பட்டியல் இருக்கும், தொட்டாலே தெரியும். தபால்காரர் அன்று விசில் அடிக்காமல் போனார். ஹிலரி பெரியம்மாவுக்கு இரண்டு வருடம் முன்னால் கெட்டி உறை வந்தது, கூடவே புது சைக்கிள். தேறினால் சைக்கிள், இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். நான் ஒரு வாரம் நிலக்கரி அறையில் போய் உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை வாசலில் ஒரு பெண் சட்டையில் ஒட்டும் வில்லை கொடுத்துக்கொண்டிருந்தாள். மேல் பள்ளிக்குப் பச்சை, கீழ்ப் பள்ளிக்குப் பழுப்பு. மேலயா கீழயா என்றாள். என் கை பச்சைப் பக்கம் போனது. பழக்கம். பிறகு ரோவனை நினைத்தேன். கீழதாம்மா என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. பின்னால் நின்ற ஹிலரி, "அடியே கிளெனிஸ், இதைச் சொல்ல உனக்கு அறுபது வருஷமா? உனக்காக வாயைப் பொத்திப் பொத்தி என் பல்லே தேஞ்சுபோச்சு" என்றாள். அப்பா தன் பழுப்பை ஒட்டிக்கொண்டே, "வாடி, நம்ம பெஞ்சு இன்னும் இருக்கான்னு பாத்துட்டு வரலாம்" என்றார். ஆமாம். உனக்குச் சொல்லிவந்தது போல நாங்கள் பேருந்தில் சந்திக்கவில்லை. ஒரே வகுப்பு. தேநீர் நேரத்தில் ஹிலரி, "அந்த சைக்கிளை நான் உனக்கு ஒரு தடவைகூடக் குடுக்கலல்ல?" என்று கேட்டாள். இல்லை என்றேன். தன் கேக்கை என் தட்டில் வைத்தாள்.

இதை ரோவனுக்குப் படித்துக் காட்டு, கதவுக்கு வெளியே நின்றாவது. அவளுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடு. எதற்கு என்று கேட்டால், சும்மா என்று சொல். என் பழுப்பு வில்லையை உள்ளே வைத்திருக்கிறேன், அவளுக்குத்தான், பசை போய்விட்டது. மூவரும் உடம்பும் மனசும் நோகாமல் இருங்கள், கடவுள் துணையிருப்பார். மறக்காமல் இதையும் சொல்: பாட்டி அனுப்பும் உறை எப்போதும் மெல்லியதாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
அம்மா
கீழ்ப் பள்ளி