மேற்குப் பார்த்த கூடாரம்

12-7-58, சனி. குற்றாலம்.

உடம்பெல்லாம் அலுப்பு. இவர் பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்துவிட்டாரே என்று, சீசனுக்குக் கட்டில் மெத்தையோடு வீடு பிடித்தேன். இவரோ பின்பக்கத் தென்னந்தோப்பில் கூடாரம் அடித்துப் படுத்துவிட்டார்.

"உள்ள வந்து படுங்க. மழை வரும்போல இருக்கு."

"கூரைக்கடியில ஒறக்கம் வரமாட்டேங்கு. சுத்தி வாய்க்கா வெட்டியிருக்கேம்லா, தண்ணி வராது."

வாய்க்கால் நேர்த்திதான். ஆனால் வாசலை மேற்கே வைத்திருக்கிறார். சாரல் அந்தப் பக்கமிருந்துதான் காற்றோடு அடிக்கும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவர் பிறந்ததே பக்கத்து இலஞ்சியில்.

இப்போது நனைந்துகொண்டே படுத்திருக்கிறார். கூடாரத்தை நாளைக்குத் திருப்பிப் போட்டுவிடலாம். இன்னும் எதையெல்லாம் மறந்துவிட்டு வந்திருக்கிறாரோ.